பால்மரக் காட்டுக்கு மேலே ஒரு புலிக்காடு

பத்துமலையில் முருகனைக் கும்பிட்டு, படியிறங்கி, இளநீர் குடித்ததும் பெரும்பாலான குடும்பங்கள் வாழையிலைச் சாப்பாட்டைத் தேடித் தலைநகர் பக்கம் வண்டியைத் திருப்பிவிடும். அடுத்த முறை வடக்கே திருப்பிப் பாருங்கள். செலாயாங் பக்கம் வந்து சுங்கை துவா சாலையைப் பிடித்தால் போதும். பத்து அணையைத் தாண்டியதும் அடுக்குமாடிகள் மறைந்து, சாலை நெளிந்து நெளிந்து காட்டுக்குள் நுழைகிறது. வளைவுக்கு வளைவு வானொலியில் இரைச்சல் கூடும். வானொலியில் வேலை செய்பவளே சொல்கிறேன், அந்த இடத்தில் வானொலியை அணைத்துவிட்டுக் கார்க் கண்ணாடியை இறக்குங்கள். கேட்க வேண்டியது வெளியே இருக்கிறது.

சில்வண்டுகள், கிளை தாவும் குரங்குகள், கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் ஓடை. காலை வேளையில் அதிர்ஷ்டம் இருந்தால் சியாமாங் குரங்குகளின் கூவல் மலையிலிருந்து இறங்கி வரும். வார இறுதியில் சைக்கிளோட்டிகள் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருப்பார்கள், அவர்களுக்கு வழிவிட்டு மெதுவாகப் போங்கள். மலையின் மறுபக்கம் இறங்கினால் உலு யாம்.

உலு யாம் இரண்டு உண்டு. உலு யாம் லாமா பழைய சீனக் கடைத்தெரு. கெட்டிக் குழம்பில் மிதக்கும் லோ மீ சாப்பிடத் தலைநகரிலிருந்தே ஆட்கள் வருவார்கள். உலு யாம் பாரு சற்றுத் தள்ளி இருக்கிறது. அதன் பக்கத்தில்தான் சுங்கை செண்டாட் நீர்வீழ்ச்சி. வடக்கே போனால் பத்தாங் காலி, ராசா, கோல குபு பாரு, கெர்லிங் என்று ஊர்கள் வரிசையாக வரும். நம்மில் பலருக்கு இவை வெறும் ஊர்ப்பெயர்கள் அல்ல. தாத்தா பால் வெட்டிய தோட்டம், அம்மா பிறந்த லயம், அத்தை வாக்கப்பட்ட ஊர். இன்று பால்மரம் இருந்த பல இடங்களில் செம்பனை நிற்கிறது. லயங்கள் இருந்த இடங்களில் தாமான்கள் வந்துவிட்டன. மாறாமல் நிற்பது ஒன்றுதான். எந்த ஊரில் நின்று கிழக்கே பார்த்தாலும் தெரியும் அந்த நீல மலை.

மலையின் பெயர் தித்திவங்சா

தாய்லாந்து எல்லையில் தொடங்கி நெகிரி செம்பிலான் வரை ஏறத்தாழ 480 கிலோமீட்டர் நீளத்துக்குத் தீபகற்ப மலேசியாவின் முதுகெலும்பு போல ஓடுகிறது தித்திவங்சா மலைத்தொடர். இதில் உயரமான சிகரம் பேராக்கில் இருக்கும் கோர்பு மலை, 2,183 மீட்டர். உலு யாமுக்கு நேர் கிழக்கே தெரிவது 1,700 மீட்டருக்கும் மேல் உயர்ந்த உலு காலி மலை. அதன் தலையில்தான் கெந்திங் விடுதிகள் உட்கார்ந்திருக்கின்றன. கோல குபு பாருவிலிருந்து ஏறினால் பிரேசர் மலை. முகட்டுக் கோட்டுக்கு இந்தப் பக்கம் சிலாங்கூர், அந்தப் பக்கம் பகாங்.

சிலாங்கூர் பக்கத்துக் காட்டில் 100,000 ஹெக்டருக்கும் மேற்பட்ட பரப்பை மாநிலப் பூங்கா என்று அறிவித்திருக்கிறார்கள். உலு சிலாங்கூர், கோம்பாக், உலு லங்காட் மூன்று மாவட்டங்களிலும் அது பரந்து கிடக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் நீங்கள் காலையில் குழாயைத் திறந்ததும் வரும் தண்ணீரில் பெரும்பகுதி இந்தக் காடுகள் பிடித்து வைத்து இறக்கிவிடும் தண்ணீர். சிலாங்கூர் ஆற்று அணையைக் கோல குபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்கு ஏறும் வழியில் பார்க்கலாம்.

இந்த மலைத்தொடருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. நம் நாட்டில் எஞ்சியிருக்கும் புலிகளுக்கும் சிறுத்தைகளுக்கும் இருக்கும் மிகச் சில புகலிடங்களில் இதுவும் ஒன்று. மலாய்க்காரர்கள் மூன்று பூனைகளையும் 'ஹரிமாவ்' என்றே அழைக்கிறார்கள். வரிப்புலி ஹரிமாவ் பெலாங். கருஞ்சிறுத்தை ஹரிமாவ் கும்பாங். மரக்கிளையில் வாழும் படைச்சிறுத்தை ஹரிமாவ் டஹான். மூன்றும் அழிவின் பாதையில் இருக்கின்றன. அதிலும் வரிப்புலியின் நிலைமை மிக மோசம்.

நாட்டின் சின்னத்தில் இரண்டு புலிகள். தேசியக் காற்பந்துக் குழுவின் பெயர் ஹரிமாவ் மலாயா. நம் பணப்பையில் இருக்கும் வங்கி அட்டையில்கூடப் புலித் தலை இருக்கலாம். காட்டில் எத்தனை இருக்கின்றன? 150-க்கும் குறைவு.

தாத்தா சொன்ன 'பெரியவர்'

உலு யாம் பாருவில் ஒரு தேநீர்க் கடையில், எண்பதை நெருங்கும் ஒரு தாத்தாவோடு பேசிக்கொண்டிருந்தேன். இந்த வட்டாரத் தோட்டமொன்றில் சிறுவயதிலிருந்தே பால் வெட்டியவர். விடியும் முன்னே பெரட்டு, நெற்றியில் விளக்கு, கையில் உளி, மங்கு மங்காகப் பால் சேகரிப்பு என்று அவர் சொல்லச் சொல்ல அந்த இருட்டு கண்முன் வந்தது. தோட்டத்தின் கடைசி நிரை எங்கே முடிகிறதோ அங்கே காடு தொடங்கும். நடுவில் வேலி கிடையாது.

"புலி இருந்துச்சா தாத்தா?" என்று கேட்டேன்.

"புலின்னு சொல்ல மாட்டோம்மா. 'பெரியவரு'ன்னுதான் சொல்லுவோம். பேரச் சொன்னா வந்து நிப்பாருன்னு எங்கம்மா பயமுறுத்தும்."

"நீங்க பாத்திருக்கீங்களா?"

"நான் பாத்ததில்ல. அவரு என்னைப் பாத்திருப்பாரு." சிரித்தார். "மழை விட்ட காலையில மண்ணுல கால் தடம் கெடக்கும். அன்னிக்கு மலையோர நெறைக்குத் தனியா யாரும் போக மாட்டோம். ரெண்டு ரெண்டு பேரா, வாளியத் தட்டிக்கிட்டே போவோம். அவரு பாட்டுக்கு அவரு, நம்ம பாட்டுக்கு நாம."

மலாய்க் கம்பத்திலும் இதே வழக்கம்தான். அங்கே அவர் 'தோக் பெலாங்', வரி போட்ட தாத்தா. பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்த இரண்டு சமூகங்களும் ஒரே விலங்குக்கு ஒரே மரியாதையைக் கொடுத்திருக்கின்றன.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். புலி இயல்பிலேயே உயர்ந்த மலையில் வாழும் விலங்கு அல்ல. அதன் இரையான மானும் காட்டுப்பன்றியும் செழிப்பாக இருப்பது தாழ்நிலக் காட்டிலும் ஆற்றோரப் புல்வெளியிலும்தான். மலையில் ஏற ஏற இரை குறையும். அப்படியிருக்க ஏன் இன்று மலைக்காட்டைப் புலிக்காடு என்கிறோம்? தாழ்நிலம் போய்விட்டது என்பதால்தான். கோல சிலாங்கூர் சமவெளியிலிருந்து உலு யாம் அடிவாரம் வரை இருந்த காடு முதலில் ரப்பர், பிறகு செம்பனை, பிறகு நெடுஞ்சாலை, தொழிற்பேட்டை, தாமான் என்று மாறியது. எஞ்சியது, டிராக்டர் ஏற முடியாத செங்குத்துச் சரிவு. புலி விரும்பி மலையேறவில்லை. கீழே இடம் இல்லாமல் ஏறியது.

காட்டை வெட்டிய கைகளில் நம் முன்னோரின் கைகளும் உண்டு. வெட்டச் சொன்னதும் லாபம் எடுத்ததும் கம்பெனிகள். கப்பலில் வந்த கூலிக்கு அதில் கருத்துக் கேட்டவர் யாரும் இல்லை. காட்டை இழந்த புலியும் ஊரை இழந்த தொழிலாளியும் ஒரே தோட்டத்தின் இரண்டு ஓரங்களில்தான் வாழ்ந்தார்கள். எனவே இந்தக் கதை நமக்கு வெளியே நடக்கும் கதை அல்ல.

இலக்கு ஆயிரம், இருப்பது நூற்றைம்பதுக்கும் கீழே

1950-களில் திரங்கானுவில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரி ஆர்தர் லோக் மலாயாக் காட்டில் 3,000 புலிகள் இருக்கலாம் என்று மதிப்பிட்டார். அது தோராயக் கணக்குதான். ஆனாலும் தாத்தா பால் வெட்டிய காலத்தில் மண்ணில் தடம் கிடந்ததற்கு அது பொருந்துகிறது.

2008-இல் வகுத்த தேசியப் புலிப் பாதுகாப்புச் செயல்திட்டம் 2020-க்குள் 1,000 புலிகள் என்று இலக்கு வைத்தது. 2014-இல் வெளியான மதிப்பீடு 250 முதல் 340 வரை என்றது. மறு ஆண்டே அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் மலாயாப் புலியை 'மிக அருகிவிட்ட இனம்' என்ற பட்டியலில் சேர்த்தது. அதன் பிறகு 2016 முதல் 2020 வரை முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பு நடந்தது. வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையான பெர்ஹிலித்தானும் பல தன்னார்வ அமைப்புகளும் சேர்ந்து காடு முழுக்கத் தானியங்கிக் கேமராக்களை மரத்தில் கட்டின. நமக்குக் கைரேகை போலப் புலிக்கு வரி. ஒன்றின் வரி மற்றொன்றுக்கு இருக்காது. படங்களை ஒப்பிட்டு எண்ணியபோது கிடைத்த விடைதான் 150-க்கும் குறைவு.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எண்: 2022 கணக்குப்படி தமிழ்நாடு என்ற ஒரே ஒரு மாநிலத்தில் 306 புலிகள் இருக்கின்றன.

கறுப்புக்குள் ஒளிந்திருக்கும் புள்ளிகள்

சோகக் கணக்குக்கு நடுவில் ஓர் அதிசயம் சொல்கிறேன். பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

மற்ற நாடுகளில் சிறுத்தை என்றால் மஞ்சள் தோல், கறுப்புப் புள்ளி. நம் தீபகற்பத்தில் கிட்டத்தட்ட எல்லாச் சிறுத்தைகளும் கறுப்பு. உலகில் வேறெங்கும் இந்த அளவுக்கு இல்லை. அடர்ந்த மழைக்காட்டின் இருட்டில் கறுப்பாக இருப்பது மறைந்து வேட்டையாட உதவியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம்.

இதனால் ஆய்வாளர்களுக்குத் தலைவலி. புலியை வரி பார்த்து எண்ணலாம், கருஞ்சிறுத்தையை எதைப் பார்த்து எண்ணுவது? திரங்கானுவின் கென்யீர் காட்டில் ஒரு குழு இதற்கு எளிய வழி கண்டுபிடித்து 2015-இல் வெளியிட்டது. தானியங்கிக் கேமரா இரவில் அகச்சிவப்பு ஒளியில் படம் எடுக்கும். பகலா இரவா என்று பார்க்கும் அதன் உணரியை மூடிவிட்டால், பட்டப்பகலிலும் இரவென்று நம்பி அகச்சிவப்பிலேயே எடுக்கும். அந்த ஒளியில் கறுப்புத் தோலுக்குள் ஒளிந்திருக்கும் புள்ளிகள் பளிச்சென்று தெரிந்தன. ஒவ்வொரு சிறுத்தையையும் தனித்தனியே அடையாளம் காண முடிந்தது. மறைந்திருந்த புள்ளிகளைக் காட்டிக் கொடுத்தது, உணரியின் மேல் ஒட்டிய ஒரு துண்டு மறைப்பு.

கண்ணிக்குக் கண் கிடையாது

புலியை அழிப்பது துப்பாக்கி என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நம் காடுகளில் அதைவிடக் கொடியது ஒரு முழம் கம்பி. மோட்டார் சைக்கிளின் பிரேக் கம்பி, கிளட்ச் கம்பி போதும். விலங்கு நடக்கும் ஒற்றையடிப் பாதையில் வளையமாக மாட்டி, வளைத்த இளமரத்தில் கட்டிவிட்டால் கண்ணி தயார். கால் வைத்ததும் இழுத்து இறுக்கும். விலங்கு திமிறத் திமிறக் கம்பி எலும்பு வரை போகும். வைத்தவன் வந்து பார்க்காவிட்டாலும் மாதக்கணக்கில் அங்கேயே காத்திருக்கும்.

சில கண்ணிகள் புலிக்கென்றே வைப்பவை. எல்லை தாண்டி வந்து மாதக்கணக்கில் காட்டுக்குள் தங்கும் வேட்டைக் கும்பல்களின் வேலை அது. மற்றவை பன்றிக்கும் மானுக்கும் வைப்பவை. கம்போடியா, லாவோஸ், வியட்நாம் மூன்று நாடுகளின் பாதுகாக்கப்பட்ட காடுகளில் மட்டும் 12.3 மில்லியன் கண்ணிகள் இருக்கலாம் என்று உலக இயற்கை நிதியம் 2020-இல் மதிப்பிட்டது. அங்கெல்லாம் காட்டில் புலியே இல்லாமல் போனது ஏன் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

தேநீர்க் கடைத் தாத்தாவுக்கும் இது தெரிந்திருந்தது. செம்பனைக் குருத்தைப் பன்றி தோண்டித் தின்றுவிடும். மரவள்ளிப் பாத்தியை ஒரே இரவில் உழுதுவிடும். அந்தக் கோபத்திலும், பன்றிக்கறி ஆசையிலும் தோட்டத்தில் சிலர் கம்பி வைப்பது உண்டாம். "பன்னிக்குத்தான் வெக்கிறோம்பாங்க. கண்ணிக்குக் கண்ணு ஏதும்மா? எது வந்தாலும் புடிக்கும்" என்றார்.

அவர் சொன்னதற்குச் சாட்சி இலங்கையில் இருக்கிறது. 2020 மே மாதம், மலையகத்தின் நல்லதண்ணிப் பகுதித் தேயிலைத் தோட்டத்தில், வேறு விலங்குக்கு வைத்த கம்பிக் கண்ணியில் ஒரு கருஞ்சிறுத்தை மாட்டிக்கொண்டது. இலங்கையில் கருஞ்சிறுத்தை மிக மிக அரிது. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை அளித்தும் சில நாட்களில் இறந்துவிட்டது. அங்கும் மலை, அங்கும் தமிழ்த் தொழிலாளர் குடியிருப்பு, அங்கும் காய்கறிப் பாத்தியைக் காக்க ஒரு கம்பி. உலு யாமுக்கும் நல்லதண்ணிக்கும் இடையே கடல் இருந்தாலும் கதை ஒன்றுதான்.

பசித்த புலி, நோயுற்ற நாய்

கம்பியை எல்லாம் அகற்றினாலும் போதாது. புலிக்குச் சாப்பாடு வேண்டும். சாம்பார் மான் எனப்படும் கடமான் நம் காடுகளில் பெரும்பாலும் வேட்டையாடித் தீர்க்கப்பட்டுவிட்டது. மிச்சமிருந்த முக்கிய இரை காட்டுப்பன்றி. 2021-இல் நாட்டுக்குள் வந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அதையும் வாரிக்கொண்டு போனது.

இரை இல்லாத புலி எங்கே போகும்? 2023-இன் இறுதியில் கிளந்தானின் குவா மூசாங் வட்டாரத்தில் சில வாரங்களுக்குள் புலி தாக்கிப் பலர் உயிரிழந்தார்கள். ஓராங் அஸ்லியும் வெளிநாட்டுத் தோட்டத் தொழிலாளர்களும் அதில் அடக்கம். நம் தாத்தா பாட்டி வாளியைத் தட்டிக்கொண்டு போன அதே மலையோர நிரைகளில் இன்று வங்காளதேசத்து, இந்தோனேசியத் தொழிலாளி போகிறார். புலியைக் காப்பது பற்றிப் பேசும்போது அந்த மனிதரின் உயிரையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். காட்டில் மான் இருந்தால் புலி காட்டிலேயே இருக்கும். மானைக் காப்பது புலிக்கும் நல்லது, பால் வெட்டப் போகிறவருக்கும் நல்லது.

இன்னொரு ஆபத்து நம் வாசலிலேயே படுத்திருக்கிறது. 2019-இல் திரங்கானுவின் டுங்குனில் ஓர் இளம் புலி பட்டப்பகலில் ஊருக்குள் பயமே இல்லாமல் திரிந்தது. மக்கள் ஆவாங் பெசுல் என்று பெயர் வைத்தார்கள், காணொளிகள் பரவின. பிடித்துச் சோதித்தால் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோய். மூளையைத் தாக்கியிருந்தது. புலி பிழைக்கவில்லை. காட்டோரத்தில் நாய் வளர்ப்பவர்கள் அதற்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நாயும் பிழைக்கும், அதன் வழியே நோய் காட்டுக்குள் போவதும் குறையும்.

திரும்பி வந்த காடுகள்

நம்பிக்கைக்கு இடமே இல்லையா? இருக்கிறது. உதாரணம் நமக்குத் தெரிந்த இடத்திலேயே உண்டு.

சத்தியமங்கலம் காடு என்றதும் நமக்கு வீரப்பன் ஞாபகம்தான் வரும். அந்தக் காடு 2013-இல் புலிகள் காப்பகமானது. 2010-க்குப் பின் அங்கே புலிகள் இரு மடங்குக்கும் மேல் பெருகி 80 ஆனதற்காக 2022-இல் அனைத்துலக விருது கிடைத்தது. நேப்பாளத்தில் 2009-இல் 121 ஆக இருந்த புலிகள் 2022-இல் 355. இமயத்தின் லடாக்கில் பனிச்சிறுத்தை ஆட்டுப்பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கொன்றுவிடும், மேய்ப்பர்கள் ஆத்திரத்தில் அதைக் கொல்வார்கள். பட்டிக்கு மேலே கம்பிவலைக் கூரை போட்டார்கள். பனிச்சிறுத்தை பார்க்க வரும் பயணிகளை மேய்ப்பர் வீட்டிலேயே தங்கவைத்து வருமானம் வரச் செய்தார்கள். கொல்ல நினைத்த கையே காவல் கையானது. 2024-இல் வெளியான முதல் இந்தியக் கணக்கெடுப்பு 718 பனிச்சிறுத்தைகள் என்கிறது, அதில் 477 லடாக்கில்.

நம் நாட்டிலும் வேலை நடக்கிறது. தித்திவங்சாவையும் தாமான் நெகாராவையும் இணைக்கும் காட்டுத் துண்டு பகாங்கில் மெராப்போ அருகே, சுங்கை யூ என்ற இடத்தில் இருக்கிறது. அதன் நடுவே நெடுஞ்சாலை போகிறது. விலங்குகள் கீழே கடந்து போகட்டும் என்று அங்கே சாலையையே தூண்கள் மேல் உயர்த்திப் பாலங்களாகக் கட்டியிருக்கிறார்கள். அந்த வழி அறுந்தால் இரண்டு பெருங்காடுகளின் புலிகளும் ஒன்றையொன்று பார்க்க முடியாத தீவுகளாகிவிடும். மைகேட் என்ற புலிப் பாதுகாப்புக் கூட்டமைப்பு இதே வட்டாரத்தில் பொதுமக்களையும் வார இறுதியில் காட்டுக்குள் அழைத்துப் போய் நடக்க வைக்கிறது. ஆள் நடமாட்டம் இருக்கும் பாதையில் வேட்டைக்காரன் கம்பி வைக்கத் தயங்குவான். அதுதான் நோக்கம்.

2019 முதல் பெர்ஹிலித்தான், போலீஸ், இராணுவம் சேர்ந்து காட்டுக்குள் கூட்டு நடவடிக்கை நடத்துகின்றன. ஓய்வுபெற்ற இராணுவத்தினரும் ஓராங் அஸ்லியும் வனக்காவலுக்கு வேலைக்கு எடுக்கப்பட்டிருக்கிறார்கள். காட்டை ஓராங் அஸ்லியை விட நன்றாக அறிந்தவர் யார்? 2022-இல் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தப்படி வனவிலங்குக் குற்றங்களுக்கு அதிகபட்சமாக 10 லட்சம் ரிங்கிட் அபராதமும் 15 ஆண்டுச் சிறையும் கிடைக்கும். 2023-இல் பகாங் மாநிலம் தாமான் நெகாராவை ஒட்டி 130,000 ஹெக்டருக்கும் மேற்பட்ட காட்டை அல்-சுல்தான் அப்துல்லா அரச புலிகள் காப்பகம் என்று அறிவித்தது.

வெற்றி கண்ட இடங்கள் எல்லாவற்றிலும் பொதுவானவை மூன்று. கம்பி போனது, இரை திரும்பியது, காடு காட்டோடு சேர்ந்தே இருந்தது. நான்காவதாக ஒன்றையும் சேர்க்கலாம்: காட்டோரத்தில் வாழ்பவர் புலியின் பக்கம் நின்றார். நம் மலையோர ஊர்களில் அந்த இடத்தில் இருப்பவர்களில் நாமும் உண்டு.

போய்வர நினைப்பவர்களுக்கு

உலு யாமுக்குப் புலி பார்க்கப் போகாதீர்கள், பார்க்க முடியாது. பிள்ளைகளுக்கு மலாயாப் புலியைக் காட்ட உலு கிள்ளான் பக்கம் தேசிய விலங்கியல் பூங்கா இருக்கிறது. உலு யாமுக்குக் காட்டைப் பார்க்கப் போங்கள்.

காலை ஏழு மணிக்குள் சுங்கை துவா சாலையில் இருந்தால் வெயிலும் கூட்டமும் இல்லாமல் போகலாம். நீர்வீழ்ச்சிப் பகுதிகள் சில நேரம் மூடப்படும், கிளம்பும் முன் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். மலையில் மழை கறுத்தால், நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் ஆற்றை விட்டு ஏறிவிடுங்கள். நொடியில் வெள்ளம் இறங்கும். ஒரு நாள் முழுதும் கிடைத்தால் மதிய உணவுக்குப் பின் கோல குபு பாரு வழியாகப் பிரேசர் மலைக்கு ஏறலாம். அணை, பிறகு வளைந்து ஏறும் பழைய மலைச்சாலை, மேலே குளிர். குரங்குக்கு ரொட்டி போடாதீர்கள், மிச்ச உணவை ஆற்றங்கரையில் விட்டு வராதீர்கள். குப்பை பன்றியைச் சாலையோரம் இழுக்கும். பன்றிக்குப் பின்னால் கம்பி வரும்.

சாலையோரக் கடையில் மான் கறி, முள்ளம்பன்றிக் கறி என்று ரகசியமாக விற்றால் வாங்காதீர்கள். நாம் கொடுக்கும் பணம்தான் அடுத்த கண்ணிக்குக் கம்பி வாங்குகிறது. இன்னொன்று, நம் வீட்டுக்குள் நாமே பேச வேண்டியது. புலிப்பல் தாலி சங்க இலக்கியத்திலேயே உண்டு என்பது உண்மைதான். அன்று காடு நிறையப் புலி இருந்தது. இன்று தங்கத்தில் கோத்த புலிநகப் பதக்கத்தை ஆசையாக மாட்டிக்கொள்ள, நாட்டில் 150 புலிகள்கூட இல்லை. புலியின் எந்தப் பாகத்தையும் அனுமதியின்றி வைத்திருப்பது குற்றமும்கூட. பரம்பரைச் சொத்து என்று சொல்லிக்கொண்டு புதிதாக ஒன்று வாங்க யாராவது கிளம்பினால், மாமா என்றும் பாராமல் தடுத்துவிடுங்கள்.

காட்டுப் பாதையில் இளமரம் ஒன்று வில் போல வளைந்து, அதன் நுனியிலிருந்து கம்பி வளையம் தொங்கினால் அதுதான் கண்ணி. அதை நீங்கள் தொட வேண்டாம். பக்கத்தில் இன்னும் சில இருக்கலாம், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். படம் எடுத்து, கைப்பேசியின் வரைபடத்தில் இடத்தைக் குறித்துக்கொண்டு, வந்த வழியே திரும்பி வந்து பெர்ஹிலித்தானின் இலவசத் தொலைபேசி எண்ணுக்குச் சொல்லுங்கள்: 1-800-88-5151. தோட்டத்தில், செம்பனைக் காட்டோரத்தில் வேலை செய்யும் உறவினர்களுக்கும் இந்த எண்ணை அனுப்பி வையுங்கள். கம்பியை முதலில் பார்ப்பவர்கள் அவர்கள்தான்.